ஒன்பதாம் தேதி

மோந்தேவீடியோ தலைமையகத்திலிருந்து பெட்டி வந்தது.
உள்ளே நாற்பத்திரண்டு பீங்கான் கோப்பைகள்,
எல்லாவற்றிலும் ஒரே நீல எழுத்து:
"உங்கள் உழைப்பே எங்கள் பலம்."
பைசாந்தூ மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
நாங்கள் நாற்பத்து மூன்று பேர்.

கோப்பைகளை இரண்டு முறை எண்ணினேன்.
பிறகு பட்டியலை.
விட்டுப்போனவர் ஒரெஸ்தெஸ் இருரெத்தா,
இரவுக் கொதிகலன்.
அவர் பெயருக்கு எதிரே
துறை என்ற கட்டம் காலி.
நீராவி எந்தத் துறையில் சேரும் என்று
யாருக்குத் தெரியும்.

என் கோப்பையைக் கொடுக்கத்தான் போனேன்.
ஜூலை, அதிகாலை மூன்று மணி,
முற்றத்துக் குழாய்மேல் உறைபனி.
ஆறு வருடமாக நான் மேற்பார்வையாளர்.
கொதிகலன் அறைக்கு எத்தனை படி என்று
அன்றுதான் தெரிந்தது.
பதினேழு.

கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார்,
அடியில் விலைச்சீட்டு தேடுகிறவர் போல.
"நான் மாத்தே குடிக்கிறவன், நில்டா,"
கையிலிருந்த சுரைக்குடுவையை உயர்த்திக் காட்டினார்.
"இதில் திருகாணி போட்டுவைக்கலாம்."
போட்டும் வைத்தார், என் கண்ணெதிரே.

அப்போதே கிளம்பியிருப்பேன்.
மேசைமேல் ஒரு குறிப்பேடு கிடந்தது,
அட்டை முழுக்க எண்ணெய்க் கறை.
அரை மணிக்கு ஒரு வரி:
அழுத்தம், நீர்மட்டம், கையொப்பம்.
அலமாரியில் அதே போல
பதினொரு வருடத்துக் குறிப்பேடுகள்.
ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும்
"பார்வையிட்டவர்" என்று ஒரு கட்டம்.
பதினொரு வருடமும் வெள்ளை.

மேலே நாங்கள் மடித்த விரிப்புகள்,
அறுவை அரங்கின் பச்சைத் துணி,
நேற்றுப் பிறந்த குழந்தையைச் சுற்றிய துண்டு,
எல்லாம் இந்த வரிகளில்
கொதித்துத்தான் வந்திருக்கின்றன.

பென்சிலால் ஒரு டிக் போட்டேன்.
அவர் பார்த்தும் பார்க்காதது போல்
வால்வைத் துடைத்தார்.
மறுநாளும் இறங்கினேன். அதற்கு மறுநாளும்.
அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை.
அப்புறம், உண்மையைச் சொன்னால்,
மாதக் கடைசியில் மொத்தமாக,
காதில் தொலைபேசியோடு
தேதிக்கு ஒரு டிக், தேதிக்கு ஒரு டிக்.

ஆகஸ்டு முடிவில் ஒரெஸ்தெஸ்
குறிப்பேட்டை என் பக்கம் திருப்பினார்.
அவர் விரல் ஒன்பதாம் தேதியில் நின்றது.
"இந்த எண்ணைப் படியுங்கள்."

படித்தேன்.

"அழுத்தம் அவ்வளவு ஏறியிருந்தால்
இந்தக் கட்டடம் இப்போது ஆற்றில் கிடக்கும்.
வேண்டுமென்றே எழுதினேன்.
நீங்கள் டிக் போட்டிருக்கிறீர்கள்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் சுட்டது.
"கட்டம் வெள்ளையாக இருந்தபோது
யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.
இது அதைவிட மோசம்."

ரப்பர் இல்லை.
விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
டிக் போகவில்லை, காகிதம் கிழிந்தது.
ஒன்பதாம் தேதியில் இப்போதும் ஓர் ஓட்டை,
அதன் வழியே பத்தாம் தேதியின் பக்கம் தெரியும்.

நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு
முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.
"02.30. பம்பு முனகுகிறது. தாங்கி மாற்றினேன்."
"04.00. எல்லாம் சரி. மேலே யாரோ பாடுகிறார்கள்."
பழைய குறிப்பேட்டில், வெள்ளம் வந்த ஓர் இரவு:
"தண்ணீர் முழங்கால்வரை. நெருப்பு இருக்கிறது."
அடுத்த அரை மணி: "நெருப்பு இருக்கிறது."
அடுத்ததும் அதுவே.

"ஒரெஸ்தெஸ், இந்த இரவு என்ன நடந்தது?"

பதில் உடனே வரவில்லை.
பிளாஸ்கைச் சாய்த்துக் குடுவையை நிரப்பி
முதலில் என்னிடம் நீட்டினார்.
பிறகு, விடியும்வரை,
இடையில் இரண்டு முறை எழுந்து
மானியைப் பார்த்துவிட்டு வந்து,
சொன்னார்.

செப்டம்பரில் தலைமையகம் படிவம் அனுப்பியது:
பாராட்டுக் கோப்பைகளை ஊழியர்கள்
எதற்குப் பயன்படுத்துகிறார்கள்?
உள்ளதை எழுதினேன்: திருகாணி.

அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.